எலி மூளையில் முள் எண்ணியவர்கள்

சியாங் மாய்
ஜூன் 6

அன்பு ஃபாய்,

கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை தேவைப்படவில்லை. ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். இப்போது நீ சோங்க்லாவில் உன் அம்மா வீட்டில், கடல்காற்றும் அந்த ஊர்க் கூடத்துப் புது மைக்ரோஸ்கோப்புமாக இருக்கிறாய். நான் இங்கே நூற்றிருபது எலிகளோடு இருக்கிறேன். சாங் என்று யானைப் பெயர் வைத்து வளர்த்த பிள்ளை எலிக்கு ஊசி போட்டுப் பிழைக்கிறான் என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறாளாம்.

போன் செய்தாலென்ன என்று நீ கேட்பாய். நம் பேராசிரியை ஆச்சார்ன் விலாசினி அம்மையார் உத்தரவு போட்டுவிட்டார். போன மாதம் நான் போனில் உளறியதை அவர் இன்னும் மறக்கவில்லை. "ஏழாம் கூண்டுல மிச்சமிருக்கிற பசங்களுக்கு வெறும் உப்புநீர்தானே போட்டேன், எதுக்கு இந்தக் குதி குதிக்கிறானுங்க?" என்று நான் சொன்ன நேரத்தில் ஏழாம் கூண்டு என்று எழுதிய ஸ்லைடுதான் உன் கண்ணெதிரே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு உப்புநீர் என்பது எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் தனக்குப் பிடித்ததை எண்ணும் என்று முதல் நாளிலிருந்து பாடம் எடுத்த அம்மையார் அவர். நாலு மாத வேலையைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே பொண்டாட்டிகிட்ட போன்ல பேசினேன்னு தெரிஞ்சா உன்னையும் ஒரு கூண்டுல போட்டுருவேன். பேசணும்னா எழுது. எழுதினதை என் மேசையில வை. நான் படிச்சு, அடிக்க வேண்டியதை அடிச்சிட்டு அனுப்பறேன். அவளும் அப்படித்தான்."

ஆகவே ஆச்சார்ன், வணக்கம். தாங்கள் நலமா?

ஃபாய், ரயில் நிலையத்தில் நீ சொல்லிவிட்டுப் போனது இன்னும் உறுத்துகிறது. மருந்து வேலை செய்கிறதா பார்ப்போம், குழந்தை பற்றி அப்புறம் பேசலாம் என்றாய். எனக்கு முப்பத்தோரு வயது. என் வம்சம் ஒரு எலியின் மூளையை நம்பி நிற்கிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்?

அத்தைக்கும் மோக் மச்சானுக்கும் என் அன்பு. உனக்கு ■■■■ முத்தங்கள்.

உன் சாங்


சோங்க்லா
ஜூன் 15

சாங்,

எத்தனை முத்தம் அனுப்பினாய்? எண்ணை ஆச்சார்ன் கறுப்படித்துவிட்டார். ஓரத்தில் சிவப்பு மையில் 'எண்கள் வேண்டாம், சங்கேதமாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார். மரியாதையோடு சொல்கிறேன் ஆச்சார்ன், முத்தத்தில் ரகசியம் வைத்து அனுப்பும் அளவுக்கு இவனுக்கு மூளை கிடையாது.

காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை முள் எண்ணுகிறேன். இன்று அம்மா கேட்டாள்.

"அப்படி என்னதான்டி எண்ணுற?"

"மூளை நரம்புல கிளை இருக்கும்மா. கிளை பூரா குட்டிக்குட்டி முள். ஒரு நரம்பு இன்னொரு நரம்புகிட்ட பேசறதே அந்த முள்ளு வழியாத்தான்."

"சரி, அதுக்கும் நம்ம மோக்குக்கும் என்ன?"

அவளுக்குப் புரியும்படி சொன்னேன். முள்ளின் நுனியில் ஏற்பி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சேதி வந்ததும் அது உள்ளே குரல் கொடுக்கும், உள்ளே புரதம் சமைப்பார்கள். போதும் என்று கையமர்த்த வீட்டில் ஒரு ஆள் உண்டு. மோக் அண்ணனுக்கு வந்திருக்கும் ஃப்ராஜைல் எக்ஸ் நோயில் அந்த ஆளே பிறக்கவில்லை. ஏற்பி கத்திக்கொண்டே இருக்கிறது, உள்ளே சமைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முட்கள் எல்லாம் நெடுநெடுவென்று, நெருக்கமாக, முதிராமல் நிற்கின்றன. அதனால்தான் படகின் சங்கொலி அவன் காதில் இடியாக விழுகிறது. அதே குறையோடு பிறந்த எலிகளில் நம் மருந்து அந்த ஏற்பியின் குரலைக் கொஞ்சம் தணிக்குமா என்பதுதான் கேள்வி. தணித்தால் முள் குறையும், குட்டையாகும்.

அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப போதும்னு சொல்ல ஆள் இல்ல. உங்க அப்பா வீட்டுக் கல்யாணம் மாதிரி" என்றாள். ஏழு வருஷப் படிப்பை ஒரு வாயில் முடித்துவிட்டாள்.

அண்ணன் நன்றாக இருக்கிறான். முப்பத்துநாலு வயதாகியும் காலையில் கண் விழித்ததும் "இன்னைக்கு என்ன கிழமை?" என்று இருபது முறை கேட்கிறான். கிழமைக்குரிய நிறத்தில் சட்டை போடாமல் வாசலைத் தாண்டுவதில்லை. திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி நீலம். ஊரில் எல்லோரும் உடுத்துவதுதான், ஆனால் அவன் ஒரு நாளும் தவறியதில்லை. அம்மாவின் மீன்வடைக் கடையில் வடை தட்டுவது அவன்தான்.

குழந்தை விஷயத்தில் என்னை விரட்டாதே. என் ரத்தத்திலும் அண்ணனின் அந்த நோய் இருக்கிறது என்று பரிசோதனை சொல்லிவிட்டது. பிறப்பதில் இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். எண்ணி முடிக்கிறேன், பொறு.

ஃபாய்


சியாங் மாய்
ஜூன் 27

அன்பு ஃபாய்,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். பயமாக இருக்கிறது என்று நீ எழுதிய இடத்தில் மட்டும் ஐந்தாவது முறையும் படித்தேன். அங்கே ஆச்சார்னின் மை ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. அடிக்க நினைத்து விட்டுவிட்டாரோ, கண்ணீரோ தெரியவில்லை. கண்ணீராக இருக்காது.

எலிகளைப் பற்றி எழுதக் கூடாது. ■■■■■■■■■ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆகவே சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. வாசலெதிரே புதிதாகக் காவ் சோய் நூடுல்ஸ் கடை வந்திருக்கிறது. கோழிக்கால் வாயில் வைத்தால் கரைகிறது. செவ்வாய், வெள்ளிகளில் வேலை முடிந்த கையோடு சட்டைகூட மாற்றாமல் நேரே போய் உட்கார்ந்துவிடுவேன். திங்கள், வியாழன்களில்தான் தொல்லை. குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு போனால்கூடக் கடைக்காரி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "ஐயா வெளி மேசையில உக்காருங்க, மத்தவங்க சாப்பிட வேணாமா?" என்கிறாள். மற்றபடி நல்ல பெண். நூடுல்ஸ் கூடுதலாகப் போடுவாள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பேரப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாளாம். எந்தப் பேரப்பிள்ளைக்கு என்று கேட்டேன். "அது உங்க பாடு, ஸ்வெட்டர் என் பாடு" என்றாள்.

உன் சாங்


சோங்க்லா
ஜூலை 8

சாங்,

காவ் சோய் எந்தக் கிழமை சாப்பிடுகிறாய் என்று இனி எனக்கு எழுதாதே. சட்டையைப் பற்றியும் எழுதாதே. அந்தக் கடைக்காரியின் மூக்கைப் பற்றியும் எழுதாதே.

வேறு விசேஷம் இல்லை.

ஃபாய்


சியாங் மாய்
ஜூலை 16

ஃபாய்,

உன் நாலு வரி வந்தது. ஆச்சார்ன் அதில் ஒன்றையும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைக்காரிக்கு ஐம்பத்தெட்டு வயது. மூன்று பேரன்கள். நான் நல்ல பெண் என்று எழுதியது நூடுல்ஸை மனதில் வைத்து. நீ இப்படி நினைப்பாய் என்று தெரிந்திருந்தால் கடையில் ஆண் வேலை செய்கிறான் என்று பொய் எழுதியிருப்பேன். கூடத்தில் இருக்கும் எல்லோரிடமும் ஆலோசனை கேட்டேன். ஸ்லைடுகளுக்குக் குறியெண் போடும் ப்ரசோங் அண்ணன், "பொண்டாட்டி சோத்துக்கே சந்தேகப்பட்டா விஷயம் முத்திப் போச்சு தம்பி, பூ அனுப்பு" என்றார். மல்லிகை மாலை தபாலில் போகாது என்று அஞ்சலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடையை விட்டுவிட்டேன். இப்போது கோடியில் இருக்கும் கிழவரின் கஞ்சிக் கடைக்குப் போகிறேன். கஞ்சி வாயில் வைக்க விளங்கவில்லை. உனக்குத் திருப்திதானே?

கோபம் கடைக்காரியால் இல்லையென்றால், குழந்தை பற்றி நான் தொணதொணத்ததாலா? அப்படியானால் நேரே சொல்லிவிடு. என்னைத் திட்டினால் தாங்குவேன். நாலு வரி எழுதினால் தாங்க மாட்டேன்.

சாங்


சோங்க்லா
ஜூலை 25

சாங்,

இதை உனக்கு முன் படிக்கப்போவது ஆச்சார்ன். ஆச்சார்ன், தயவு செய்து மை பாட்டிலை மூடிவிட்டுப் படியுங்கள். இது உங்களுக்கும் சேர்த்து எழுதுவது.

கடைக்காரி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, முட்டாளே. நீ போய் நன்றாகச் சாப்பிடு.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் கடுகளவு ஒரு நிறப்புள்ளி இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, நீலம். பெட்டி அடையாளம் என்று நினைத்து நான் கண்டுகொள்ளவில்லை. ஜூலை ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, உன் காவ் சோய் கடிதம் வந்த மறுநாள். அண்ணன் நீலச் சட்டையோடு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். ஸ்லைடு தட்டைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. விரலை வைத்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான்.

"திங்க. வெள்ளி. வெள்ளி. செவ்வாய். வியாழன். திங்க. ஃபாய், இது திங்க. இதுவும் திங்க."

என் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது. நம் ஊரில் யாரிடம் நாலு கிழமைக் கூண்டுகளையும் நாலு நிற ஸ்டிக்கரையும் கொடுத்தாலும் கிழமைப்படிதான் ஒட்டுவார்கள். நீயும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறாய். திங்களுக்கு மஞ்சள் என்று உன் கை தானாகப் போயிருக்கும், யோசித்திருக்கவே மாட்டாய். உப்புநீருக்கு நாற்றம் கிடையாது. அந்த மருந்து சட்டையில் பட்டால் மூன்று முறை துவைத்தாலும் நாற்றம் போகாது, எத்தனை சட்டை துவைத்திருக்கிறேன் நான். செவ்வாயும் வெள்ளியும் நீ சட்டை மாற்றாமல் சாப்பிடப் போகிறாய், திங்களும் வியாழனும் குளித்துவிட்டுப் போனாலும் நாறுகிறாய். ஆக மஞ்சளும் ஆரஞ்சும் மருந்து. மற்ற இரண்டும் உப்புநீர்.

உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. கிழமை எழுதாதே என்று உனக்கு நாலு வரி போட்டுவிட்டு, எனக்குத் தெரியவே தெரியாது என்று நடித்துக்கொண்டு எண்ணினேன். நான் நேர்மையானவள், தெரிந்தாலும் சரியாகத்தான் எண்ணுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்து ஸ்லைடுகளில் முள் குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? வீட்டுக்குப் போகிற வழியில் குழந்தைத் துணிக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

நேற்று ஒரு சந்தேகம் வந்தது. ஜூன் மாதம், ஒன்றும் தெரியாதபோது எண்ணிய நாற்பத்தோராம் ஸ்லைடை மறுபடி எடுத்தேன். மஞ்சள் புள்ளி. அதே கிளை, அதே இடம். ஜூனில் பதினாலு முள். நேற்று எண்ணியபோது பத்து. செத்துப்போன எலியின் மூளையில் முள் தானாக உதிராது, சாங். மெலிசாக இருந்த நாலை 'இது முள்ளில் சேர்த்தியில்லை' என்று என் கண் தள்ளிவிட்டது. எனக்குத் தெரியாமலே தள்ளியது. அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

பொய் எண்ணிக்கையை நம்பி நான் ஒரு பிள்ளையைப் பெற்றிருப்பேன். பிறகு அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வேன்?

ஆச்சார்ன், ஜூலை முழுவதையும் அழித்துவிட்டேன். ஜூன் மாதத்து எண்ணிக்கையும் வேண்டாம், இனி நானும் வேண்டாம். வேறு கண் வைத்து எண்ணுங்கள்.

ஃபாய்


சியாங் மாய்
ஆகஸ்ட் 2

என் ஃபாய்,

ஆச்சார்ன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உன் கடிதம் மேசையில் இருந்தது, ஒரு எழுத்தும் அடிக்கப்படவில்லை. பக்கத்தில் என் கடிதங்களின் நகல். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறார், ஃபாய். காவ் சோய் பத்தியில் விரலை வைத்தார்.

"முத்தத்தைப் பிடிச்சேன். சோத்தை விட்டுட்டேன்" என்றார்.

அத்தோடு போயிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அது கிடக்கட்டும். மருந்து எலிக்கு ஒரு கிழமை, உப்புநீர் எலிக்கு ஒரு கிழமைன்னு எவன்டா பிரிக்கச் சொன்னான் உன்னை? ஒரே நாள்ல கலந்து போடணும்னு முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியுமே!"

உண்மையைச் சொல்லிவிட்டேன். போன வருஷம் ஒரு தடவை சிரிஞ்சு மாறிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை, அந்த எலிகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டேன். மறுபடி மாறக் கூடாதே என்றுதான் கிழமை பிரித்தேன், கூண்டுக்கும் குப்பிக்கும் புள்ளி ஒட்டினேன். ப்ரசோங் அண்ணன் அந்தப் புள்ளியை அழகுக்கு என்று நினைத்து ஸ்லைடிலும் ஒட்டியிருக்கிறார். ஆக, நீ அழுத அழுகைக்கு மூலகாரணம் நான். மன்னித்துவிடு. இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொண்டேன். எலிக்கூடத்துக்குப் பின்னால் காவல் சாமிக்கு வைத்திருக்கும் குட்டி வீட்டில் மருந்து எலிகள் பேரில் மட்டும் தினமும் சிவப்பு சோடா வைத்து வேண்டிக்கொண்டேன். உப்புநீர் எலிகளுக்கு வைக்கவில்லை. இதையும் கட்டுரையில் செய்முறைப் பகுதியில் எழுத வேண்டுமா என்று கேட்டேன். ஆச்சார்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கிழமை பிரித்த குற்றம் கட்டுரையில் வெட்டவெளிச்சமாக வரும். ப்ரசோங் அண்ணன் நகச்சாயம் அழிக்கும் திரவத்தை மகளிடம் வாங்கிக்கொண்டு அங்கே வருகிறார், புள்ளிகளைப் பசையோடு துடைத்தெடுத்துவிட்டுப் புதுக் குறியெண் போடுவார். எண்ணப்போவது ஆச்சார்ன். அறுபத்துமூன்று வயதில், மூன்று கண்ணாடியோடு வியாழக்கிழமை விமானத்தில் வருகிறார். உங்கள் வீட்டில்தான் தங்குவாராம். அத்தையை எச்சரித்து வை.

போன் தடை நீங்கிவிட்டது. நீ எடுக்க மாட்டேன் என்கிறாய். எடு.

சாங்


சோங்க்லா
ஆகஸ்ட் 29

சாங்,

போனை எடுக்காததற்குக் காரணம் உண்டு. போனில் நீ நடுவில் புகுந்து பேசுவாய். இதை முழுசாகச் சொல்லிமுடிக்க வேண்டும்.

ஆச்சார்ன் பத்தொன்பது நாள் எண்ணினார். காலையில் கூடம், மாலையில் அம்மாவின் கடை. முதல் நாள் கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், இரண்டாம் வாரம் வடைக்கு மாவு பிசைந்தார். அண்ணன் அவரிடம் ஒரே கேள்வியை முப்பது முறை கேட்டால் முப்பது முறையும் பதில் சொன்னார். நம்மிடம் ஒருமுறைக்கு மேல் எதையும் சொல்லாத மனுஷி.

ஒரு மாலை, படகுச் சங்கு கேட்டு அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனதும், ஆச்சார்ன் அம்மாவிடம் கேட்டார். நான் நாலடி தள்ளி நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"மூத்தது இப்படின்னு தெரிஞ்சப்புறம் ரெண்டாவது பெத்துக்கப் பயமா இல்லையா அக்கா?"

"பயந்தேன். ஒன்பது மாசமும் பயந்தேன்."

"அப்புறம் எப்படி?"

"எப்படின்னா? இவ வந்தா. அஞ்சு வயசுப் பய இவளைத் தொட்டுட்டுத் தொட்டுட்டு ஓடுவான். நான் கடைக்குப் போயிருந்தப்ப இவளுக்கு முதமுதல்ல சோறு ஊட்டினதே அவன்தான். மீன் முள்ளை ஒண்ணு விடாம எடுத்துட்டு ஊட்டியிருக்கான். பயம் எங்கயும் போகல ஆச்சார்ன். அதுபாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்திருக்கு. வீட்ல அதுக்கும் ஒரு இடம்."

இது எனக்குத் தெரியாது, சாங். இருபத்தொன்பது வருஷமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன்.

எந்தக் குறியெண் எந்த எலியுடையது என்று ப்ரசோங் அண்ணன் எழுதி ஒட்டிவைத்த உறையை நேற்று திறந்தோம். உப்புநீர் எலிகளுக்குச் சராசரி பதினாலு முள். மருந்து எலிகளுக்குப் பதின்மூன்று. ஜூலையில் நான் எண்ணியதில் ஒன்பது வந்திருந்தது. "இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இன்னும் நூறு எலி வேணும், கிழமை கலந்து" என்றார் ஆச்சார்ன். பிறகு என் தலையில் கை வைத்தார். அவ்வளவு கனமான கை என்று எனக்குத் தெரியாது.

ஒரு முள். நான் அழவில்லை என்பதுதான் எனக்கே ஆச்சரியம். அந்த மருந்து வேலை செய்தால் குழந்தை, இல்லாவிட்டால் இல்லை என்று இத்தனை நாள் சொன்னேனே, அதற்கு அர்த்தம் என்ன? என் அண்ணனைப் போல ஒருவன் இன்னொரு முறை பிறந்துவிடக் கூடாது என்பதுதானே? அவன் வடை தட்டிக்கொண்டிருந்தான். எதிரில் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

அந்த நூறு எலிகளுக்கு வேலை தொடர்வோம். சங்கொலி அவன் காதில் இடியாக விழ வேண்டாம் என்று நான் இன்னும் ஆசைப்படுகிறேன், சாகும்வரை ஆசைப்படுவேன். ஆனால் குழந்தை அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்கு வேண்டும், சாங். எப்படி வந்தாலும் வேண்டும். பயம் அப்படியே இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை ஆச்சார்ன் இன்றே விமானத்தில் கையோடு கொண்டுவருகிறார். நாளை மறுநாள் ரயிலில் இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். நீ வருகிறாய் என்று அம்மாவிடம் சொன்னது அண்ணன் காதில் விழுந்துவிட்டது. "சாங் எப்ப வருவான்? சாங் எப்ப வருவான்?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். நாற்பது முறை கேட்டுவிட்டு, வடை தட்ட எழுந்து போனான்.

நாற்பத்தோராவது முறை கேட்பது நான்.

ஃபாய்